9,000 மேற்கோள்களுக்குள் என்ன இருக்கிறது?

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். அவருடைய மகள் பேராதனையில் மூலக்கூற்று உயிரியலில் சிறப்புப் பட்டம் முடிக்கப் போகிறாள். கலாநிதிப் படிப்புக்காக வெளிநாட்டுப் பேராசிரியர்கள் இருவருக்கு எழுத நினைத்திருக்கிறாள். கூகிள் ஸ்கொலர் என்பது யாருடைய கட்டுரைக்கு எத்தனை மேற்கோள் என்று பட்டியலிடும் இணையத்தளம். அதில் ஒருவருடைய பக்கத்தில் மேற்கோள் 9,000க்கு மேல், எச்-இன்டெக்ஸ் 41. மற்றவருக்கு மேற்கோள் 1,400, எச்-இன்டெக்ஸ் 17. "பெரிய எண் இருக்கிறவரிடம் போவதுதானே புத்தி? இந்த எண்களை எப்படிப் பார்ப்பது? இந்தப் படிப்பை நம்பிப் போனால் பிள்ளைக்கு ஒரு வாழ்க்கை இருக்குமா?" இவைதான் அவருடைய கேள்விகள்.

அக்கா, நான் மட்டிக்களியில் வளர்ந்தவன். இருபது வருடத்துக்கு மேலாக ஆய்வுகூடத்தில் புரதங்களோடு வேலை செய்கிறேன். எனக்கும் அந்த வயதில் இதே குழப்பம் இருந்தது, கேட்க ஆள் இருக்கவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

மேற்கோள் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். ஒருவர் ஆய்வுக்கட்டுரை எழுதும்போது, "இந்த முறையை இன்னாரிடமிருந்து எடுத்தேன், இந்த முடிவை இன்னார் முன்பே கண்டிருக்கிறார்" என்று கடைசியில் வரிசையாக எழுதிவைப்பார். நம்முடைய ஊர்க் கடைகளில் கடன் கொப்பி இருக்குமே, அதைப் போன்றது. யார் யாரிடம் எதை எடுத்தார் என்பது அதில் இருக்கும். 9,000 என்பது அந்தக் கொப்பியின் அடியில் போட்ட கூட்டுத்தொகை. போனது அரிசியா, நெருப்புப்பெட்டியா என்று கூட்டுத்தொகை சொல்லாது. பக்கத்தைப் புரட்டினால்தான் தெரியும்.

புரட்டினால் என்னென்ன வரும் என்பதற்கு எங்கள் துறையிலேயே மிக நல்ல உதாரணம் இருக்கிறது. உலகத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக்கட்டுரைகளை 2014இல் நேச்சர் சஞ்சிகை வரிசைப்படுத்தியது. முதலிடத்தில் இருந்தது ஒலிவர் லோரியும் கூட இருந்தவர்களும் 1951இல் எழுதிய கட்டுரை, 3 லட்சத்துக்கு மேல் மேற்கோள். அதில் என்ன கண்டுபிடிப்பு என்று கேட்டால், ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை. அவ்வளவுதான். மூன்றாவது இடத்தில் இருந்ததும் அதே வேலையை இன்னும் சுருக்கமாகச் செய்யும் முறைதான், 1976இல் மரியன் பிராட்போர்ட் எழுதியது. மகள் அதைக் கையால் செய்திருப்பாள். கபில நிறமான ஒரு சாயக் கரைசலில் உங்கள் மாதிரியிலிருந்து ஒரு சொட்டு விட்டுக் கலக்கினால், புரதம் இருந்தால் கண் முன்னாலேயே நீலமாகும். நீலம் கூடினால் புரதம் கூட. ஐந்து நிமிட வேலை. உலகில் உள்ள ஆயிரக்கணக்கான ஆய்வுகூடங்களில் இன்று காலையும் யாரோ ஒருவர் இதைச் செய்திருப்பார். செய்தவர் கட்டுரை எழுதும்போது பிராட்போர்ட் பெயரைப் போடுவார். அப்படிச் சேர்ந்ததுதான் அந்த எண்.

இரண்டாவது இடத்தில் இருந்தது இன்னும் சுவையான கதை. உல்ரிக் லெம்லி 1970இல் எழுதிய கட்டுரை. அதன் தலைப்பைப் பார்த்தால், பற்றீரியாவைத் தாக்கும் டி4 என்ற வைரசின் தலைப்பகுதி எப்படிக் கட்டப்படுகிறது என்பதைப் பற்றியதாக இருக்கும். ஆனால் அதை மேற்கோள் காட்டியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு டி4 வைரசோடு ஒரு தொடர்பும் இல்லை. அந்த ஆராய்ச்சிக்காக லெம்லி புரதங்களை ஜெல்லில் அளவு வாரியாகப் பிரித்தெடுக்க ஒரு முறையைச் செப்பனிட்டார். எல்லாருக்கும் வேண்டியிருந்தது அந்த முறைதான். நான் முதல் தடவை அந்த ஜெல்லை ஓட்டிய இரவு இன்னும் நினைவிருக்கிறது. மாதிரிகளைச் சிறு குழிகளில் விட்டு, மின்சாரத்தைப் போட்டு, நீலக் கோடு மெல்ல மெல்லக் கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிறகு சாயமேற்றி, கழுவி, விடிகிற நேரம் எடுத்துப் பார்த்தபோது நான் தேடிய புரதம் தனிக் கோடாக நின்றது. அந்தக் கோட்டுக்காக நானும் லெம்லியின் கொப்பியில் ஒரு வரி எழுதினேன்.

இப்போது இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். டி.என்.ஏ. இரட்டைச் சுருள் என்று வாட்சனும் கிரிக்கும் 1953இல் எழுதியதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். மூலக்கூற்று உயிரியல் என்ற துறையே அந்தக் கட்டுரையின் மேல்தான் நிற்கிறது. அதே 2014 கணக்கில் அதற்கு இருந்த மேற்கோள் 5,000 சொச்சம். முதல் நூறுக்குள் வரவே இல்லை. உங்கள் மகள் பார்த்த பேராசிரியருடைய மொத்தக் கணக்கு இதைவிடப் பெரியது. அவர் வாட்சனையும் கிரிக்கையும் விடப் பெரியவர் என்று யாரும் சொல்லப் போவதில்லை, அவரும் சொல்ல மாட்டார்.

லோரியைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். நல்ல அளவுகோல் ஒன்றைச் செய்து கொடுப்பது பெரிய உபகாரம். அவரே, அந்தக் கட்டுரையைவிட நல்ல கட்டுரைகள் தன்னிடம் இருக்கின்றன என்று சொல்லியிருக்கிறார். மேற்கோள் எண் ஒரு வேலை எத்தனை பேருக்குப் பயன்பட்டது என்று காட்டுகிறது. அது எவ்வளவு ஆழமானது, எவ்வளவு புதியது என்பது வேறு கணக்கு. சில வேளை கண்டனமும் மேற்கோளாகத்தான் சேரும். தடுப்பூசியையும் ஓட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் சஞ்சிகை 2010இல் வாபஸ் வாங்கியது. அதைப் பிழை என்று காட்டுவதற்காகவே எத்தனையோ பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். எண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

சரி, எச்-இன்டெக்ஸ். இது பழைய விஷயம் இல்லை, 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர் சொன்ன கணக்கு. ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக அடுக்குங்கள். 120, 45, 30, 11, 9, 6, 6, 2, 0 என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். ஆறாவது கட்டுரைக்கு 6 மேற்கோள் இருக்கிறது, சரி. ஏழாவதற்கு 7 வேண்டும், இருப்பதோ 6. அங்கே நிற்கிறது. இவருடைய எச்-இன்டெக்ஸ் 6. முதல் கட்டுரை 120க்குப் பதிலாக 12,000 மேற்கோள் வாங்கியிருந்தாலும் அது 6தான். ஒரேயொரு பெரிய வேலை செய்தவரை இந்தக் கணக்குக் கண்டுகொள்ளாது. அளவான கட்டுரைகளை வருடா வருடம் எழுதிக்கொண்டே இருப்பவரை உயர்த்திக் காட்டும். வயதோடு ஏறும், ஒருபோதும் இறங்காது. ஐம்பத்தெட்டு வயதுக்காரரின் 41ஐயும் முப்பத்தெட்டு வயதுக்காரரின் 17ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மகள் ஒப்பிடுவது பெரும்பாலும் அவர்களுடைய வயதைத்தான்.

துறைக்குத் துறையும் மாறும். ஹிர்ஷ் தன்னுடைய அந்த முதல் கட்டுரையிலேயே காட்டியிருந்தார்: பௌதிகவியலில் உச்சியில் நின்ற எட்வர்ட் விட்டனுக்கு 110, உயிர் விஞ்ஞானத்தில் சொலமன் ஸ்னைடருக்கு 191. விட்டன் குறைந்தவரா? இல்லை. உயிரியலில் ஆட்கள் கூட, கட்டுரைகள் கூட, ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும் எழுதப்படும் பெயர்களும் கூட. தான் உண்டாக்கிய அளவுகோல் படுமோசமாகப் பிழையாகிப் போகவும் கூடும், தீமைகளையும் கொண்டுவரும் என்று ஹிர்ஷே 2020இல் எழுதினார். உண்டாக்கியவரே அப்படி எழுதும்போது நாம் அதை வேத வாக்காக எடுக்கத் தேவையில்லை.

இம்பெக்ட் பெக்டர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மகள் அதையும் கேள்விப்பட்டிருப்பாள். அது ஆளுடைய எண் இல்லை, சஞ்சிகையுடைய எண். முந்தின இரண்டு வருடங்களில் அந்தச் சஞ்சிகையில் வந்த கட்டுரைகள் இந்த வருடம் சராசரியாக எத்தனை தடவை மேற்கோள் காட்டப்பட்டன என்ற கணக்கு. யூஜீன் கார்ஃபீல்ட் 1960களில் மேற்கோள் அட்டவணை ஒன்றை உண்டாக்கியபோது, எந்தச் சஞ்சிகைகளை அதில் சேர்ப்பது என்று தெரிவு செய்ய உதவிய கணக்கு அது. அதை வைத்து மனிதர்களை அளக்கக் கூடாது என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய விஞ்ஞானிகள் ஒரு பிரகடனமே எழுதினார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி வேண்டாம்.

அடுத்தது, பெயர்கள் நிற்கும் வரிசை. இதைப் பற்றித்தான் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. நிலாவெளிப் பக்கம் விடியற்காலையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வலை சம்மாட்டியுடையது. வள்ளத்தைக் கொண்டுபோய் வலையை வளைத்து விட்டவர் ஒருவர். இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து இழுத்தவர்கள் நிறையப் பேர். மீன் கரைக்கு வந்த பிறகு பங்கு பிரிப்பார்கள், எல்லாருக்கும் ஒரே பங்கு இல்லை. எங்கள் துறையின் கட்டுரையும் அப்படித்தான். முதலாவதாக நிற்கும் பெயர் பெரும்பாலும் வேலையைக் கையால் செய்தவருடையது, மாணவரோ இளம் ஆய்வாளரோ. கடைசிப் பெயர் ஆய்வுகூடத் தலைவருடையது, சம்மாட்டி மாதிரி. பணம் கொண்டுவந்தவர், கேள்வியைக் கேட்டவர், பிழை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர். நடுவில் நிற்பவர்கள் கயிறு பிடித்தவர்கள். ஆனால் கூகிள் ஸ்கொலர் பங்கு பிரிப்பதில்லை. முந்நூறு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரைக்கு 2,000 மேற்கோள் வந்தால், முந்நூறு பேருடைய பக்கத்திலும் முழு 2,000 ஏறிவிடும்.

இந்த இடத்தில் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கலாநிதிப் படிப்புக்குப் பிறகு நான் ஓரிடத்தில் இரண்டரை வருடம் ஒரு புரதத்தோடு மல்லுக்கட்டி, கடைசியில் அதன் வேலை என்ன என்று காட்டினேன். கட்டுரை அச்சுக்குப் போகும்போது முதற்பெயராக இன்னொருவர் நின்றார். தலைவருக்கு வேண்டியவர், கடைசி இரண்டு மாதம் கூட இருந்தவர். நான் இரண்டாவது. அந்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். அந்தக் கட்டுரையின் மேற்கோள்கள் என் பக்கத்திலும் முழுதாகத்தான் ஏறியிருக்கின்றன, எண்ணில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அடுத்த வேலைக்கு விண்ணப்பித்தபோது எல்லாரும் தேடியது முதற்பெயரைத்தான். ஒரு வருடம் பின்னால் போனேன். அந்தத் தலைவருடைய எச்-இன்டெக்ஸ் மிகப் பெரியது, அதை நம்பித்தான் அங்கே போயிருந்தேன். அக்கா, உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, எண்ணில் விழாமலே போகிற வேலைகள். கொரோனா காலத்தில் பி.சி.ஆர். என்ற சொல் நம்முடைய ஊரில் தெருத்தெருவாக அறிமுகமானது. அதன் உயிர்நாடி எங்கே இருந்தது தெரியுமா? ஒரு வெந்நீர் ஊற்றில். கன்னியாவில் ஏழு கிணற்றிலும் வாளி வாளியாக அள்ளிக் குளித்திருக்கிறோம், சூடு தெரியும், ஆனால் உடம்பு தாங்கும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் சில ஊற்றுகள் கைவைக்க முடியாத சூடு. 1966இல் தோமஸ் புரொக் என்பவரும் அவரோடு இருந்த ஹட்சன் ஃபிரீஸ் என்ற இளநிலை மாணவரும் அப்படியோர் ஊற்றிலிருந்து, ஏறத்தாழ 70 பாகை வெப்பத்தில் சுகமாக வாழும் பற்றீரியா ஒன்றை எடுத்தார்கள். 1969இல் அதைப் பற்றி எழுதினார்கள். அப்போது அது ஒரு சின்ன விநோதம். வெந்நீரில் உயிர் இருந்தால் யாருக்கு என்ன என்று கேட்டிருந்தால் அவர்களிடம் பதில் இருந்திருக்காது.

பிறகு 1983இல் கரி முல்லிஸ், டி.என்.ஏ.யைச் சூடாக்கிப் பிரித்து, ஆறவைத்துப் படியெடுத்து, திரும்பச் சூடாக்கி, இரண்டு இரண்டாகப் பெருக்கும் யோசனையைக் கண்டார். ஒரு தொல்லை இருந்தது. படியெடுக்கும் நொதியம் ஒவ்வொரு சூட்டிலும் செத்துப் போகும், ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக விட வேண்டும். வெந்நீர்ப் பற்றீரியாவின் நொதியம் 94, 95 பாகையையும் தாங்கியது. 1988இல் அதைப் பயன்படுத்திய முறை வெளியானதும் உலகம் முழுக்கப் பி.சி.ஆர். பரவியது. முல்லிசுக்கு 1993இல் நோபல் பரிசு. நம்முடைய மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரியையும் அந்த வழிதான் சோதித்தது. 1970இல் யாராவது புரொக்கின் அந்தக் கட்டுரையை மேற்கோளை வைத்து மதிப்பிட்டிருந்தால் என்ன மதிப்புக் கொடுத்திருப்பார்கள்?

நிலாவெளி உப்பளத்தைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு இன்னொருவர் நினைவுக்கு வருவார், ஸ்பெயின் நாட்டின் பிரான்சிஸ்கோ மொஹிகா. அவருடைய ஊர்ப் பக்கத்து உப்பளத்தில் வாழும் நுண்ணுயிர் ஒன்றின் டி.என்.ஏ.யில், ஒரே துண்டு திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு 1993இல் எழுதினார். பத்து வருடம் அதன் பொருளைத் தேடினார். அது வைரசுகளிடமிருந்து தன்னைக் காக்கும் ஏற்பாடு என்று அவர் எழுதிய கட்டுரையைப் பல சஞ்சிகைகள் திருப்பி அனுப்பின. 2005இல்தான் ஒன்றில் வந்தது. அந்தச் சஞ்சிகை பெரிய எண்கள் கொண்டது இல்லை. இன்று மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறைக்கு அதுதான் ஊற்றுக்கண். 2020இல் நோபல் பரிசு சார்பென்டியேவுக்கும் டவுட்னாவுக்கும் போனது. அவர்கள் அதற்கு முழுத் தகுதி உள்ளவர்கள். மொஹிகாவின் அந்தப் பத்து வருடத்தை எந்த எண்ணும் காட்டாது என்றுதான் சொல்ல வருகிறேன்.

மேற்கோளே தேவைப்படாத அளவுக்குப் போன வேலையும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் அவரோடு இருந்த ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரும் 1963இல் ஒரு வரைபடம் போட்டார்கள். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம், எந்தக் கோணத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டும் என்று காட்டும் வரைபடம். கணினி வசதி பெரிதாக இல்லாத காலத்தில் போட்ட கணக்கு. இன்று உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டாலும் முதலில் 'ராமச்சந்திரன் பிளொட்'டில் போட்டுச் சரிபார்ப்பார்கள். நானும் என் வேலைகளில் போட்டிருக்கிறேன். கட்டுரையிலும் அந்தப் பெயரை எழுதுவோம், ஆனால் 1963 கட்டுரையைக் கடைசி வரிசையில் பல வேளை போடுவதில்லை. அளவுகோல் என்று சொல்லும்போது யார் அளவுகோலைக் கண்டுபிடித்தவரை மேற்கோள் காட்டுகிறார்கள்? ஒரு விஞ்ஞானியின் வேலை அப்படிப் பொதுச்சொத்தாகிப் போவதைவிடப் பெரிய மதிப்பு எனக்குத் தெரியவில்லை. எண்ணில் அது குறைவாகத்தான் தெரியும்.

"வாழ்க்கை இருக்குமா" என்ற கேள்விக்கு வருகிறேன். பூசி மெழுகாமல் சொல்கிறேன். பாதை நீளம். அமெரிக்காவில் கலாநிதிப் பட்டத்துக்கு ஐந்து, ஆறு வருடம் போகும். ஐரோப்பாவில் மூன்று, நான்கு. நம்முடைய துறையில் நல்ல இடங்களில் படிப்புக்குக் காசு கட்டத் தேவையில்லை, அவர்களே மாதப்படி தருவார்கள். காசு கட்டிக் கலாநிதிப் படிப்புக்கு வா என்று யாராவது கூப்பிட்டால் போக வேண்டாம். அதற்குப் பிறகு போஸ்ட்டொக் என்று சில வருடம் தற்காலிக வேலை. அதைக் கடந்து பேராசிரியராக நிற்பவர்கள் கொஞ்சப் பேர்தான். மற்றவர்கள் வீணாகிப் போவதில்லை. மருந்துக் கம்பனிகள், நோய் கண்டறியும் ஆய்வுகூடங்கள், பரம்பரை நோய்ப் பரிசோதனை என்று பல இடங்களில் நன்றாக இருக்கிறார்கள். திரும்பி வந்தால் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, கொழும்பில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது, பத்தலகொடையில் நெல், தலவாக்கலையில் தேயிலை, லுணுவிலவில் தெங்கு ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன.

தடுமாறினால் முடிந்துபோயிற்று என்று நினைக்கவும் வேண்டாம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் பௌதிகவியலில் 1976இல் கலாநிதிப் பட்டம் வாங்கியவர். வாங்கிய கையோடு அதை விட்டுவிட்டு, உயிரியலைத் திரும்ப மாணவராக உட்கார்ந்து படித்தார். பிறகு ஐம்பது பல்கலைக்கழகங்கள் அளவுக்கு விண்ணப்பித்தும் வேலை கிடைக்கவில்லை. அரச ஆய்வுகூடங்களில் பல வருடம் இருந்தார். உயிரணுவுக்குள் புரதங்களைக் கட்டும் ரைபோசோமின் அமைப்பைத் தேடிப் பிடிப்பதற்காக, சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று 1999இல் கேம்பிரிட்ஜுக்குப் போனார். அடுத்த வருடமே அமைப்பு வெளிவந்தது. 2009இல் நோபல் பரிசு. கத்தலின் கரிகோவைப் பல்கலைக்கழகம் 1995இல் பதவி இறக்கியது, கொரோனாத் தடுப்பூசிக்கு வழிவிட்ட எம்.ஆர்.என்.ஏ. வேலைக்காக 2023இல் நோபல் வந்தது. எல்லாருக்கும் நோபல் வரும் என்று சொல்ல இதை எழுதவில்லை. இவர்கள் இருவரையும் அவர்களுடைய நடுவயதில் எண்ணை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால், மகளுக்கு எழுதவே தோன்றியிருக்காது.

நம்முடைய பக்கத்து விஷயம் ஒன்று. காரணம் தெரியாத சிறுநீரக நோய் வட மத்திய மாகாணத்தை மட்டுமல்ல, நம்முடைய மாவட்டத்தின் பதவி ஸ்ரீபுரவையும் பிடித்திருக்கிறது. அங்கே ஒரு குடும்பத்தில் அப்பாவுக்கும் மகனுக்கும் ஏன் வருகிறது, கிணற்று நீரா, பரம்பரையா, வெயிலில் வேலையா என்று மூலக்கூறு மட்டத்தில் ஆராய்பவருக்கு, புற்றுநோயை ஆராய்பவருக்கு வரும் மேற்கோளில் பத்தில் ஒன்றும் வராமல் போகலாம். அதே கேள்வியைக் கேட்கும் ஆய்வுகூடங்கள் உலகில் குறைவு, அதனால் கடன் வாங்க ஆளும் குறைவு. பதவி ஸ்ரீபுரவில் டயலிசிஸுக்குப் பஸ் ஏறுகிறவருக்கு அந்த வேலையின் பெறுமதி எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மகள் ஒருநாள் திரும்பி வந்து இதைப் போன்ற ஒன்றை எடுத்தால், எண் சின்னதாக இருக்கிறதே என்று நீங்கள் ஒருபோதும் கவலைப்படக் கூடாது.

மகள் அனுப்பிய இரண்டு பெயர்களையும் நேற்று இரவு திறந்து பார்த்தேன். பெயர்களை எழுதவில்லை, பார்த்த விதத்தை எழுதுகிறேன். மேற்கோள் வரிசையில் முதல் பத்துக் கட்டுரைகளை எடுத்தேன். 9,000 உள்ளவருக்கு அந்தத் தொகையில் பாதிக்குக் கிட்ட இரண்டே கட்டுரைகளிலிருந்து வந்தது. இரண்டும் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதியவை, இவர் நடுவில் நிற்கிறார். இன்னும் இரண்டு, மற்றவர்களின் வேலைகளைத் தொகுத்து எழுதிய மதிப்பாய்வுகள். அவை எப்போதும் கூடுதலாக மேற்கோள் வாங்கும், அதில் குற்றம் இல்லை. ஆனால் கடைசிப் பெயராக நின்று தன் ஆய்வுகூடத்திலிருந்து அவர் வெளியிட்டவை, கடந்த ஆறு வருடத்தில் குறைந்துகொண்டு வருகின்றன. பிறகு அந்தக் கட்டுரைகளின் முதற்பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடினேன், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று. அரைவாசிப் பேரைப் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை. 41 என்ற எண்ணிலிருந்து இதில் ஒன்றும் தெரிந்திருக்காது.

17 உள்ளவர் ஆய்வுகூடம் தொடங்கி ஒன்பது வருடம். கட்டுரைகள் அதிகம் இல்லை, ஆனால் ஒன்று இன்னொன்றிலிருந்து முளைத்து வந்திருக்கிறது. ஒரே கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு போகிறார் என்பது தலைப்புகளை வரிசையாக வாசித்தாலே தெரிகிறது. நான்கு மாணவர்கள் முதற்பெயராக நிற்கிறார்கள். நால்வரும் எங்கே இருக்கிறார்கள் என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தேன், நால்வரும் இன்னும் விஞ்ஞானத்தில்தான். அவரை மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் சிலதையும் திறந்து பார்த்தேன். தங்களையே தாங்கள் மேற்கோள் காட்டிக் கூட்டிய கணக்கு இல்லை. வேறு வேறு நாட்டவர்கள், முன்னுரையில் பெயரைச் சும்மா போட்டுவிட்டுப் போகாமல், "இவர்களுடைய முடிவின்படி நாங்கள் இப்படிச் செய்தோம்" என்று கட்டுரையின் நடுப்பகுதியில் எழுதியிருக்கிறார்கள். அப்படி எழுதப்பட்ட பத்து மேற்கோளுக்காக நான் சும்மா போட்ட ஆயிரம் மேற்கோளைக் கொடுப்பேன்.

அதனால் மகள் இரண்டாமவருக்கு முதலில் எழுதட்டும். முதலாமவருக்கும் எழுதலாம், தடையில்லை. ஆனால் அவருக்கு எழுதும் முன் அவருடைய இப்போதைய மாணவர் ஒருவருக்கு எழுதி, பேராசிரியர் கிழமைக்கு எத்தனை தடவை மாணவரோடு இருந்து கதைக்கிறார், கட்டுரையில் யார் முதற்பெயர் என்பதை எப்போது முடிவு செய்கிறார்கள் என்ற இரண்டையும் கேட்கச் சொல்லுங்கள். பதில் வரச் சுணங்கினாலும் அதுவும் ஒரு செய்திதான்.

கடிதம் நீளமாக வேண்டாம். உங்கள் ஆராய்ச்சி மிகச் சிறந்தது என்று புகழவும் வேண்டாம். அவருடைய கடைசி இரண்டு கட்டுரைகளை வாசித்து, அதில் தனக்கு விளங்காத ஒரு இடத்தைப் பிடித்து, "இந்தச் சோதனையில் ஏன் இந்தக் கட்டுப்பாட்டு மாதிரியை வைத்தீர்கள்?" என்பது போல ஒரு உண்மையான கேள்வி கேட்கட்டும். பேராதனையில் இறுதி வருட ஆய்வில் தான் கையால் செய்தது என்ன, எங்கே பிழை வந்தது, எப்படிச் சரி செய்தாள் என்று நான்கு வரி. அனுப்பும் முன் எனக்கு ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். ஆடி மாதம் ஊருக்கு வருகிறேன், உவர்மலைக்கு வந்து நேரிலும் பார்க்கிறேன்.